செர்டாங் அத்தையின் இலை

எனக்கு வாய் அதிகம். நானே முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்வதற்கு மிச்சம் இருக்காது. வீட்டில் அம்மா சொல்வார், எங்கள் குடியிருப்பான தாமானில் பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், கடைசியில் கல்லூரியில் என் விரிவுரையாளரும் சொன்னார். அம்மாவும் அக்காவும் சொன்னபோது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். விரிவுரையாளர் சொன்னபோது அது மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தது.

அப்போது சுங்கை பட்டாணியில் ஒரு கல்லூரியில் வடிவமைப்பு டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். கடைசித் தவணையில் ஆளுக்கொரு போர்டு கேம் சொந்தமாகச் செய்ய வேண்டும். பலகை, காய், அட்டை, பெட்டி, விளையாடும் விதிகள் எல்லாம் நம்முடையதாக இருக்க வேண்டும். நான் செய்ததை வகுப்பில் காட்டினேன். தோழிகள் நாலு பேர் விளையாடினார்கள், நான் பின்னால் நின்று விளக்கினேன். இங்கே போ, அதை எடு, அது அப்படி இல்லை, நான் சொல்கிறேன் கேள் என்று நிறுத்தாமல் பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன்.

விரிவுரையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கோபமே வராது, அதுதான் பயம். "கடையில் இந்தப் பெட்டியை வாங்குகிறவர்களோடு நீயும் வீட்டுக்குப் போவாயா?" என்று மலாயில் கேட்டார். அடுத்ததாக இன்னொன்றும் சொன்னார். "நாலு பேரும் ஒரே வழியில்தான் போனார்கள். இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? இதைத் தபால்காரர் தினமும் செய்கிறார்."

பெயில். ஆனால் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். விளையாட்டை அதுவரை பார்த்தே இராத நாலு பேர் விதித்தாளை மட்டும் படித்து, பெட்டியைத் திறப்பதிலிருந்து கடைசிச் சுற்று வரை விளையாட வேண்டும். வெட்டாமல் ஒட்டாமல் அதை வீடியோ எடுக்க வேண்டும். நானும் படத்தில் தெரிய வேண்டும், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அந்த வீடியோ செல்லாது. திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்பாவிட்டால் தவணை முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். பட்டர்வொர்த்தில் ஓர் அச்சகம் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது, சான்றிதழைக் காட்டினால்தான் நாற்காலி. ஆக என் பிழைப்பு முழுவதும் என் வாயை நான் மூடிக்கொள்வதில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் விளையாட்டு பத்திரிக்கை வைப்பதைப் பற்றியது. முந்தைய வருடம் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் ஆட்களிடம் கல்யாணப் பத்திரிக்கையை வாட்சாப்பில் அனுப்பினால் அது அழைப்பே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, வீட்டுக்கு நேரில் போய், உட்கார்ந்து, கையில் கொடுக்க வேண்டும். போகிற வீட்டிலெல்லாம் மிலோ, முறுக்கு, பிஸ்கெட். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். கோலா கெடாவில் தாய்மாமன் வீட்டில் பொரித்த மீனையும் சாப்பிட்டுவிட்டு நான் காடியின் பின்னிருக்கையில் படுத்தே விட்டேன். அப்போதுதான் இது ஒரு விளையாட்டாகுமே என்று தோன்றியது.

கெடா மாநில வரைபடம்தான் பலகை. அழிப்பானை வெட்டிச் செய்த குட்டிக் காடிகள். ஆறு வீடுகள்: சுங்கை பட்டாணியில் கோயில் தலைவர், சிடாம் கிரியில் சித்தி, அலோர் ஸ்டாரில் பெரியப்பா, கோலா கெடாவில் மாமா, குலிமில் அண்ணனின் முதலாளி, செர்டாங்கில் அத்தை. ஒருமுறை பகடை உருட்டினால் ஒரு நாள். பதினான்கு நாளுக்குள் அதிகப் பத்திரிக்கை கொடுத்தவருக்கு வெற்றி. ஒவ்வொரு வீட்டிலும் வயிற்றில் ஒரு புள்ளி ஏறும், நாலு புள்ளி ஏறினால் ஒரு நாள் படுக்கை. இந்த வயிறு விஷயத்துக்குத்தான் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் விரிவுரையாளர் சொன்னது உண்மை. கிட்டத்து வீட்டிலிருந்து ஆரம்பித்து தூரத்து வீட்டில் முடித்தால் எவரும் ஜெயிக்கலாம். மழை அட்டை சேர்த்தேன், டயர் பஞ்சர் அட்டை சேர்த்தேன், நெடுஞ்சாலையில் நெரிசலும் சேர்த்துப் பார்த்தேன். தோழிகள் மறுபடியும் அதே வழியில்தான் போனார்கள். சரி, குறைந்தபட்சம் வாயையாவது மூடுவோம் என்று விதித்தாளை மட்டும் ஐந்து தடவை திருத்தி எழுதினேன்.

நிஜக் கல்யாணத்துக்கும் அந்த வழியைப் போட்டது நான்தான். கைப்பேசியில் வரைபடத்தை வைத்து, முதல் நாள் சுங்கை பட்டாணியும் சிடாம் கிரியும், இரண்டாம் நாள் அலோர் ஸ்டாரும் கோலா கெடாவும், மூன்றாம் நாள் குலிமும் செர்டாங்கும் என்று பிரித்தேன். மூன்றே நாள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

செர்டாங்கில் இருப்பவர் அப்பாவின் அக்கா. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், மொய்யும் வைத்தார். பந்தியில் மட்டும் உட்காரவில்லை. கை நனைக்காமல் போய்விட்டார். எங்களில் வராமல் இருப்பதைக்கூட மன்னித்துவிடலாம், வந்து சாப்பிடாமல் போவது பெரிய விஷயம். கொடுத்த சேலை பிடிக்கவில்லை போல என்றார் அம்மா. மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டோம் என்றார் அப்பா. அதன்பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தெர்மாஸில் சொந்தக் கோப்பி கொண்டுவந்தார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். ஒரு வருடமாக அந்த வயிறு சரியாகவில்லை.

நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா, அண்ணன் மனைவி என்று நாலு பேரைச் சேர்த்து வைத்திருந்தேன். அண்ணன் மனைவியை அவர் வேலை செய்யும் கிலாங்கில் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓர் ஆள் குறைந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது வாசலில் காடி வந்து நின்றது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அவரைப் பார்க்க, தெர்மாஸும் கையுமாக, செர்டாங் அத்தை வந்திருந்தார்.

"அண்ணி, நீங்க ஒரு கை உக்காருங்களேன்," என்றார் அம்மா. அத்தையை அவர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்.

"தாயமா?"

"இல்லீங்க அத்தே, இவ செஞ்சது," என்றான் அண்ணன். "இவ பேசுனா பெயிலாம். அதுக்காகவே வெளையாடலாம்லா."

எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லாததால் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் பதிவைத் தொடங்கினேன். கறுப்புக் கண்ணாடியோடு அப்பா சோபாவில் படுத்திருந்தார்.

விதித்தாளை அம்மா உரக்கப் படித்தார். "'வயிறு நாலானால் ஒரு நாள் படுக்கை.' என்னாடி இது, வயித்துப் போக்கா?"

நான் கவசத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அய்யோ, இவள இப்புடி பாக்க தெனம் வெளையாடலாம் போலருக்கே," என்று பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினார். எனக்கு உள்ளே பொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் விதித்தாள் வேலை செய்தது. தட்டுத் தடுமாறித் தாங்களாகவே புரிந்துகொண்டு விளையாடினார்கள். அம்மா சிடாம் கிரிக்குப் போனார். அண்ணனும் அக்காவும் அதே வழி. அத்தை மட்டும் பகடையை உருட்டிவிட்டுக் காடியைத் தெற்கே திருப்பினார். அடுத்த சுற்றிலும் தெற்கு. குலிம் வந்தது, நுழையவில்லை.

"வாசல் வழியா போறீங்க, உள்ள போய் ஒரு பத்திரிக்கை குடுத்துட்டுப் போங்களேன்," என்றார் அக்கா.

"வரும்போது குடுத்துக்கலாம்."

நாலு நாள் உருட்டி செர்டாங்குக்குப் போய் ஒரே ஒரு பத்திரிக்கை கொடுத்தார். அங்கிருந்து கோலா கெடாவுக்குக் கிளம்பினார். கெடாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு! எனக்கு எழுந்து குதிக்கலாம் போல் இருந்தது. விதி புரியவில்லையா, என் எழுத்தில்தான் தப்பா, வீடியோவைப் பார்த்தால் விரிவுரையாளர் என்ன சொல்வார் என்று கிடந்து தவித்தேன்.

பன்னிரண்டாம் நாள் ஆனது. அம்மா ஐந்து வீடு முடித்திருந்தார். அத்தை முடித்தது இரண்டு. இன்னும் இரண்டு சுற்று. இரண்டு சுற்று வாயை மூடியிருந்தால் எனக்குச் சான்றிதழ்.

"அத்தே, தோத்துட்டீங்க," என்று அண்ணன் சீண்டினான்.

"நான் எங்கடா தோத்தேன்?" என்று அத்தை பகடையைக் கீழே வைத்தார். "அப்பனுக்கு மூத்தவ இருக்கா. அவகிட்ட மொதல்ல சொல்லிட்டேன். தாய்மாமன் இருக்கான், அவன்கிட்டயும் சொல்லிட்டேன். மத்தவங்களுக்கு ஃபோன்ல சொன்னாக்கூட வருவாங்க. என் கல்யாணத்துல எல்லாரும் சாப்புடுவாங்க. உங்க அம்மா அஞ்சு வீடு முடிச்சுட்டா, ஆனா இவ பந்தியில ஒருத்தி சாப்புடாம போவா."

அத்தை சோபாவைப் பார்த்தார். "கோயில் தலைவருக்கு, முதலாளிக்கு, எல்லாருக்கும் குடுத்துட்டு, மிச்சமிருந்தத எனக்குக் கொண்டாந்தான் என் தம்பி. தூக்கி வளத்தவ நான். குலிம்ல முதலாளி வீட்டுல சாப்புட்டுட்டு, வயிறு நெறஞ்சிருக்கு அக்கான்னு என் வீட்டுல தண்ணிகூட குடிக்கல."

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மொதல்ல அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துரலாமே" என்றுதான் அவர் சொன்னார். நான்தான் கத்தினேன். "ஏம்பா, கிறுக்குத்தனமா தூரத்துல இருக்கறதுக்கு மொதல்ல போவாங்களா? காடிக்கு ரெண்டு தடவ எண்ண ஊத்தணும்" என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். இப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அலமாரியில் கைப்பேசியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டாவது நிமிடம். இரண்டு சுற்று முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. அதற்குள் என் கையே முகக்கவசத்தை இழுத்துவிட்டது.

"அத்தே, ரூட் போட்டது நான். அப்பா இல்ல. அப்பா உங்க வீட்டுக்குத்தான் மொதல்ல போகணும்னாரு. நான்தான் கேக்கல."

"போச்சு," என்றான் அண்ணன். எழுந்து போய்ப் பதிவை நிறுத்தினான்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, சான்றிதழ் போனதை நினைத்தும் அழுகைதான்.

"நீ சொன்னேன்னு இவன் கேட்டானா?"

"டிப்ளோமா படிக்கிறவ," என்று சோபாவிலிருந்து முதல் தடவையாக அப்பா பேசினார். "ஃபோன்ல மேப்பு காட்டுறா. நான் என்னாக்கா சொல்றது?"

"மேப்புல என் வயசு காட்டுச்சாடி?" என்று அத்தை என்னைக் கேட்டார்.

பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு அம்மா, பிறகு அண்ணன். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை, ஆனால் விதித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இம்புட்டு எழுதியிருக்க. மொத வீடு எது, ரெண்டாவது எதுன்னு எங்க இருக்கு? வரிசை இல்லாம என்னாடி பத்திரிக்கை?"

"மொதல்ல தாய்மாமன்தான் அண்ணி," என்றார் அம்மா.

"அதெப்புடி? அப்பன் வழியில மூத்தவ இருக்கும்போது?"

"எங்க வீட்டுல பெரியப்பாவுக்குத்தான் மொதல்ல," என்று அக்காவும் நுழைந்தார்.

மூன்று பேரும் மூன்று குரலில் அடித்துக்கொண்டார்கள். பெட்டி மூடியின் பின்புறம் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றுதான், அதுவும் வீடியோ நின்ற பிறகு. எழுத எழுத எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அப்படியானால் ஆளுக்கொரு வரிசை அட்டை! யார் வீட்டில் யார் முதல் என்பது மற்றவருக்குத் தெரியாது. வரிசையைப் பார்த்தால் நாள் போய்விடும், நாளைப் பார்த்தால் வரிசை கெடும். இனி யாரும் ஒரே வழியில் போக முடியாது. இரண்டு வாரமாக மழையிலும் பஞ்சரிலும் நான் தேடிய விஷயம் எங்கள் வீட்டுத் தரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"வரிசை தப்புனா அவங்க வரமாட்டாங்களா அத்தே?" என்று கேட்டேன்.

"ஏன் வராம? வருவாங்க. சாப்புட மாட்டாங்க."

இலை அங்கேதான் பிறந்தது. கொடுத்த பத்திரிக்கையை எண்ணக் கூடாது, கல்யாணத்தில் சாப்பிட்ட இலைகளை எண்ண வேண்டும். வீட்டுக்கு ஓர் இலை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சாம்பல். முறையாகப் போய் அழைத்த வீட்டின் இலை பச்சையாக இருக்கும். வரிசை தவறிய வீட்டின் இலை சாம்பல். அந்த வீட்டுக்குத் திரும்பப் போய் உட்கார்ந்து சாப்பிட்டால் மறுபடி பச்சையாக்கலாம், ஆனால் ஒரு முழு நாள் போகும்.

கிளம்பும்போது அம்மா, "ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்க அண்ணி," என்றார்.

"வயிறு சரியில்ல," என்றார் அத்தை. தெர்மாஸை எடுத்துக்கொண்டு காடியில் ஏறினார். என் முகம் விழுந்ததை அக்கா பார்த்திருக்க வேண்டும். "எல்லாம் ஒரே நாள்ல சரியாகாதுலா," என்று தோளைத் தட்டினார். பிறகு, "எத்தன மணிக்கு அனுப்பணும்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கையுறைக் கிலாங்கில் இரவு வேலை முடித்த நாலு பெண்களை அக்கா தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டி வந்தாராம். ஒருவரையும் எனக்குத் தெரியாது. பச்சை ஃபைலை வெட்டிச் செய்த இலைகளின் ஓரம்கூட இன்னும் சரியாகவில்லை. நான் முகக்கவசத்தோடு மூலையில் உட்கார்ந்தேன். தூக்கம் சொக்கிய கண்களோடு ஆரம்பித்தவர்கள் நாலாவது சுற்றில் எழுந்து நின்று விளையாடினார்கள்.

"அடியே, மாமாவ வுட்டுட்டு முதலாளி வீட்டுக்கா போற? மானங்கெட்டவளே!"

"ஒன் வரிசை ஒனக்கு, என் வரிசை எனக்கு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு!"

ஐம்பது நிமிடம். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு மணிக்கு வீடியோவை அனுப்பிவிட்டுத் தரையிலேயே தூங்கிப் போனேன்.

பாஸ். விரிவுரையாளர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் நிறைய எழுதியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு வரிதான் இருந்தது. தங்கள் குடும்பத்து மூத்த அத்தையான மக் லோங்கும் இதே மாதிரிதான் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்.

நான் பாஸானதை அப்பா குடும்ப வாட்சாப்பில் போடப் போனார். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் தாம்பாளத்தில் பழம் வைத்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேராக செர்டாங்குக்குக் காடி ஓட்டினேன். குலிமில் நுழையவில்லை. அத்தை வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு, வர வேண்டும் என்று சொன்னோம். "பாக்கலாம்," என்றார் அத்தை. நாங்கள் வீடு திரும்புவதற்குள் தன்னிடம்தான் முதலில் சொன்னார்கள் என்று ஊரெல்லாம் ஃபோன் போட்டுவிட்டார். கோலா கெடா மாமா அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டு, தாய்மாமன் என்று ஒருவன் இருப்பது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காடிக் கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது அத்தையின் கைகளைத்தான். ஒரு கையில் கைப்பை, ஒரு கையில் ரம்புத்தான். தெர்மாஸ் இல்லை.

உள்ளே வந்தவர் சமையலறை வாசலில் நின்றார். குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தை வைத்து ஒரு சின்ன இலை ஒட்டியிருந்தது. செர்டாங் என்று எழுதிய இலை, சாம்பல் பக்கம் வெளியே தெரிந்தது. விரிவுரையாளரிடமிருந்து பெட்டி திரும்பி வந்த அன்றே அதை எடுத்து அங்கே ஒட்டியவர் அப்பா. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அத்தை அதைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார்.

அம்மா வாழையிலை போட்டார். அத்தை சாப்பிட்டார். குழம்பு, ரசம், மறுபடியும் ரசம். ரசத்தில் மிளகு போதவில்லை என்றுகூடச் சொன்னார். அம்மாவுக்கு அதில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

சாப்பிட்டு முடித்து இலையை மூடினார். கை கழுவ எழுந்திருக்கவில்லை.

"தம்பி," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "எந்திரிச்சுப் போயி அந்த இலையத் திருப்பி வை."

அப்பா எழுந்து போய்த் திருப்பி வைத்தார்.